என் கையெழுத்துக்கு மேலே இருந்த வரி

"பொருள் 4: குடிநீர் விநியோகம் சீராக நடைபெற்று வருவது குறித்து விவாதித்து ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது."

2024 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊராட்சியில் நடந்த கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, நகல் வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதே கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் கண்மாய்க்கரைத் தெருவுக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை என்று பத்து நிமிடம் பேசியவள் நான். பேசி முடித்ததும் கை தட்டினார்கள். தலைவர்கூடத் தலையாட்டினார். "நல்லாப் பேசுனீக அக்கா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நகலின் கடைசிப் பக்கங்களில் கையெழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. 43ஆவது என்னுடையது. தண்ணீர் சீராக வருகிறது என்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

இதை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை. காரைக்குடியில் ஒரு கடையில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். நாள்வழி, பேரேடு, வவுச்சர் எல்லாம் என் கையில்தான். முதலாளியே நீட்டினாலும் வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போட மாட்டேன். அப்படிப்பட்டவள், ஊர்ப் பொதுப் புத்தகத்தில், மேலே ஒரு வரிகூட எழுதாத பக்கத்தில், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். யாரையும் குறை சொல்வதற்கு முன் இதைத்தான் நான் முதலில் எழுத வேண்டும்.

குழிக்குள் இருக்கும் குழாய்

எங்கள் தெருக்குழாயைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மற்றத் தெருக்களில் குழாய் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. எங்கள் தெருவில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழாயை அதற்குள் இறக்கி, குடத்தை உள்ளே வைத்துப் பிடிக்கிறோம். தரைக்கு மேலே தண்ணீர் ஏறாது. ஒரு குடம் நிறைய இருபது நிமிடம் ஆகும். நிறைந்த குடத்தைக் குழியிலிருந்து தூக்குவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குழிக்குள் மழைத்தண்ணீர் தேங்கி, குழாய் வாய் அதில் மூழ்கிவிடும். சிரட்டையால் அள்ளி இறைத்துவிட்டு, சேலைத் துணியைக் குழாய் வாயில் கட்டிப் பிடிப்போம்.

மேல்நிலைத் தொட்டி ஊரின் மேல் கோடியில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒரே குழாய் மூன்று தெருக்களைக் கடந்து கடைசியாக எங்களுக்கு வருகிறது. எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் திறந்தால், வழியிலேயே வேகம் செத்துப்போகும். போதாததற்குச் சில வீடுகளில் குழாயோடு மோட்டாரை இணைத்து உறிஞ்சுகிறார்கள். இதற்குப் புது ஆழ்துளைக் கிணறு வேண்டாம், புதுத் தொட்டியும் வேண்டாம். மேலத்தெரு முக்கில் ஒரு கேட் வால்வு வைத்து, முறை வைத்துத் திறந்தால் போதும். தண்ணீர் திறந்துவிடும் தொட்டி ஆபரேட்டரே எனக்குச் சொன்ன வழி அது. ஆகஸ்ட் கூட்டத்தில் நான் கேட்டது இந்த ஒரு வால்வைத்தான்.

அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். வரவு செலவுக் கணக்கின் சுருக்கம், படிவம் 30, ஃபிளக்ஸ் பேனராகச் சுவரில் தொங்கியது. பெண்கள்தான் அதிகம். முக்கால்வாசிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். கூட்டத்துக்கு வராவிட்டால் வேலை கிடைக்காது என்று யாரோ சொல்லி வைத்திருந்ததால் காலை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்துப் புத்தகம் சுற்றி வர ஆரம்பித்தது. அதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேலே 300 பேர் வந்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு 100. அந்த நூறு கையெழுத்து விழுந்தால்தான் கூட்டம் செல்லும். அதனால் தீர்மானப் புத்தகத்தை எழுதும் ஊராட்சிச் செயலருக்கு முதல் கவலை தலைக்கணக்கு. தலைக்கணக்குக்காக வாங்கும் கையெழுத்தே தீர்மானத்துக்கும் சம்மதமாகிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே புத்தகம்.

செயலர் எங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் நம்பவில்லை. மூன்று ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிற மனிதர். முந்தைய கூட்டத்துப் புத்தகத்தைப் பார்த்து, தேதியை மாற்றி, அதே வாசகத்தை எழுதியிருப்பார். "குடிநீர் விநியோகம் சீராக நடைபெற்று வருவது குறித்து" என்ற சொற்றொடர் எத்தனை வருஷமாக அந்தப் புத்தகத்தில் ஒரு தீர்மானத்திலிருந்து அடுத்த தீர்மானத்துக்கு நடந்து வருகிறதோ. ஆனால் நாளைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று நான் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தால், அவர்கள் எடுத்துப் பார்க்கப் போவது அந்த வரியைத்தான். என் பத்து நிமிடப் பேச்சு மரத்தடியிலேயே தங்கிவிட்டது.

வினைச்சொல்லில் இருக்கிறது

நகல் வந்த பிறகு அந்த ஏழு பக்கங்களையும் பேரேடு சரிபார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்தேன். இருபத்தோரு பொருள்கள். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் தனியாக எழுதினேன். "விவாதிக்கப்பட்டது" பதினொன்று. "ஏற்றுக்கொள்ளப்பட்டது" ஆறு. "பரிசீலிக்கலாம்" மூன்று. "தீர்மானிக்கப்பட்டது" ஒன்றே ஒன்று, அதுவும் மரக்கன்று நடுவதைப் பற்றி.

பேச்சுவழக்கில் இவை எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். புத்தகத்தில் அப்படி இல்லை. "விவாதிக்கப்பட்டது" என்றால் பேசினார்கள், அவ்வளவுதான், யாரும் எதற்கும் கட்டுப்படவில்லை. "பரிசீலிக்கலாம்" என்றால் பரிசீலிக்காமலும் விடலாம். "தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால்தான் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், ஏன் செய்யவில்லை என்று கேட்க முடியும். கணக்கு வேலையில் வந்த பணத்துக்கும் வர வேண்டிய பணத்துக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. ஒன்றை எடுத்து மற்றதில் எழுதினால் கடையே முழுகிப் போகும். ஊர்க்கூட்டத்தில் நாம் சொல்லும் சொல்லுக்கும் அப்படிப் பக்கங்கள் இருக்கின்றன. எந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள் என்று பார்க்காமல் நாம் எழுந்து வந்துவிடுகிறோம்.

கிராம சபையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் "வாங்க, பேசுங்க, கேள்வி கேளுங்க" என்கிறார்கள். நல்ல விஷயம்தான். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்து முப்பது வருஷம் தாண்டியும், வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர் என்பதே இன்னும் பலருக்குத் தெரியாது. ஆனால் பேசுவதோடு நம் வேலை முடிந்தது என்ற எண்ணத்தையும் அந்தப் பிரசாரமே நமக்குள் விதைத்துவிட்டதோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கைதட்டல் வாங்கியபோது என் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அக்டோபர் 2

அடுத்த கூட்டம் காந்தி ஜெயந்தி அன்று. நான் நகலைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். இந்த முறை சண்டை போட்டே தீருவது என்று இரவெல்லாம் வசனம் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அன்று அந்தச் சண்டையை நான் தொடங்க வேண்டிய அவசியமே வரவில்லை.

புத்தகம் வழக்கம்போல முதலிலேயே சுற்றி வந்தது. எங்கள் தெரு அயித்தை ஒருவரிடம் வந்து நின்றது. எழுபது வயசு இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. உதவிக்கு வந்திருந்த பையன் மைப் பெட்டியைத் திறந்து நீட்டினான். அயித்தை இடது கையைச் சேலையில் துடைத்து, பெருவிரலை நீட்டப் போனவர், அப்படியே நிறுத்தினார்.

"என்ன எழுதியிருக்கு தம்பி?"

"இன்னும் எழுதல ஆத்தா. கூட்டம் முடியவும் எழுதுவாக."

"எழுதவும் வா. வச்சுத் தாரேன்."

பையன் செயலரைத் திரும்பிப் பார்த்தான். செயலர் சிரித்துக்கொண்டே, "சும்மா வருகைக்குத்தான் ஆத்தா, வைங்க" என்றார். அயித்தை குரலை உயர்த்தவே இல்லை. "எங்க குழுவுல வாரம் அம்பது ரூவாச் சேமிப்புக்கே, நோட்டுல எழுதி, வாசிச்சுக் காட்டித்தான் ரேகை வாங்குவாக. இது ஊருச் சமாச்சாரம். எழுதுனத வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் வைக்கிறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் ஏதாவது ஒரு மகளிர் குழுவில் இருப்பவர்கள். ஒவ்வொரு வாரமும் தீர்மான நோட்டை வாசிக்கக் கேட்டு, சரி என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள். பேங்கில் கடன் வாங்கத் தீர்மான நகல் கேட்பார்கள், ஒரு எழுத்துப் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. "ஆமா, வாசிக்கட்டும்" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் இன்னொன்று. கையெழுத்துப் போட்டு முடித்திருந்த நாலைந்து பேர், "எங்க பேரு போட்டாச்சே, அதுக்கும் சேத்து வாசிங்க" என்றார்கள். ஒன்றியத்திலிருந்து பற்றாளராக, அதாவது கூட்டத்தைப் பார்வையிட, வந்திருந்த இளைஞர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு செயலர் பக்கம் சாய்ந்து, "ஒவ்வொரு பொருளையும் பேசி முடிச்சதும் எழுதி வாசிச்சிரலாம் சார், நேரம் ஆனா ஆகட்டும்" என்றார்.

நேரம் ஆனது. ஒரு மணி நேரத்தில் முடிகிற கூட்டம் இரண்டே முக்கால் மணி நேரம் நடந்தது. வெயில் ஏறி, மரத்து நிழல் நகர, தார்ப்பாயை இரண்டு தடவை இழுத்துப் போட்டோம். குடிநீர் பொருள் வந்ததும் நான் எழுந்து ஆகஸ்டில் பேசியதையே திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை இரண்டு நிமிடம்தான். செயலர் எழுதி வாசித்தார்: "கண்மாய்க்கரைத் தெருவிற்குத் தனி வால்வு அமைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வழங்கப் பரிசீலிக்கலாம் என விவாதிக்கப்பட்டது." நான் "பரிசீலிக்கலாம்" வேண்டாம் என்றேன். அவர் அடித்தார். "தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினார். மறுபடி வாசித்தார்.

இரண்டாவது முறை வாசித்தபோதுதான் மேலத்தெருப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஒருநாள் விட்டு ஒருநாள்னா எங்களுக்கும் அப்புடித்தானே? மாடு கன்டு வச்சிருக்கோம், தண்ணி இல்லாம ஒருநாள் எப்புடி ஓட்டுறது?" அந்தக் கேள்வி நியாயமானது. ஆகஸ்டில் நான் பத்து நிமிடம் பேசியபோது அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பேச்சாக இருந்தவரை அது அவரைத் தொடவில்லை. எழுத்தாகி, வாசித்துக் காதில் விழுந்தபோது, தன் வீட்டு மாட்டுத்தொட்டி அவருக்கு நினைவு வந்திருக்கிறது. அரை மணி நேரம் வாக்குவாதம். தொட்டி ஆபரேட்டரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்கள். கடைசியில், காலையில் மேலத்தெருவும் நடுத்தெருக்களும், சாயங்காலம் கண்மாய்க்கரைத் தெரு என்று முடிவானது. நான் கேட்டதைவிட அது நல்ல முடிவு. எங்களுக்கு நாள்தோறும் தண்ணீர், அவர்களுக்கும் நாள்தோறும் தண்ணீர். பெரியவர் சொன்ன ஆட்சேபமும் அவர் தெருப் பேரோடு புத்தகத்தில் இருக்கிறது. அதையும் எழுதச் சொன்னது நான்தான். அன்றைக்கு என் பேச்சு மட்டும் எழுதப்பட்டு அவர் பேச்சு விட்டுப்போயிருந்தால், ஆகஸ்டில் எனக்கு நடந்தது அவருக்கு நடந்திருக்கும்.

எல்லாம் முடிந்து, கடைசிப் பக்கம் வாசித்த பிறகு, அயித்தை பெருவிரலை மையில் அழுத்தினார். ரேகை கொஞ்சம் கோணலாக, பக்கத்து வரி மேலும் ஏறி விழுந்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

எழுதியது நிற்கிறது

இதற்குப் பிறகு, எங்கள் கடைக்கு வந்துபோகும் வழக்கறிஞர் ஒருவர் எனக்கு ஒரு விஷயம் காட்டினார். சுரங்கம், ஆலை போன்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள் அல்லவா, அதற்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையில், கூட்ட முடிவில் மக்கள் சொன்னவற்றின் சுருக்கத்தை அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டி விளக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடக்கும், ஆனால் வாசித்தாக வேண்டும். அயித்தை கேட்டது புதிதாக முளைத்த பிடிவாதம் இல்லை என்று எனக்குத் தெரிந்தபோது, அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப நான் சொன்னது சட்டமா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

2024 நவம்பர் 1ஆம் தேதிக் கூட்டம் தீபாவளியை ஒட்டி வந்ததால் 23ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது. நாங்கள் அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மாவட்டத்தில் மேலூரைச் சுற்றி, அரிட்டாபட்டியிலும் மற்ற ஊர்களிலும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகள் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தன. டிசம்பர் 9இல் சட்டமன்றத்தில் தீர்மானம், ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே போனது, ஜனவரி 23இல் சுரங்க ஏலம் ரத்து என்ற அறிவிப்பு. தீர்மானம் மட்டும் அதைச் சாதித்தது என்று சொன்னால் அது பொய். நடந்தவர்களின் கால்கள்தான் பெரும்பங்கு. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்கிறார்களா, வேண்டும் என்கிறார்களா என்று யாரும் சந்தேகம் கிளப்ப முடியாதபடி முதலில் அவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள்.

ஏகனாபுரத்தை நினைத்தால் மனசு கனக்கிறது. பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று 2022இலிருந்து கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். திட்டம் நிற்கவில்லை. "எழுதி என்ன ஆச்சு?" என்று என் தம்பி அதைக் காட்டித்தான் கேட்பான். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: ஏகனாபுரம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது என்று எந்தக் காலத்திலும் எவரும் எழுத முடியாது. எங்கள் தெரு ஏற்றுக்கொண்டதாக எழுதப்பட்டதைப் பார்த்தவள் நான். அதனால் அதன் அருமை எனக்குத் தெரியும். ஒடிசாவில் நியமகிரி மலையடிவாரத்துப் பன்னிரண்டு கிராமங்களை 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, கிராம சபை கூட்டிக் கேட்டார்கள். மாவட்ட நீதிபதி நிலையில் இருந்த ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. மலை இன்னும் அப்படியே இருக்கிறது.

காரைக்குடி மாநகராட்சியானபோது சுற்றியிருந்த சில ஊராட்சிகள் அதில் சேர்ந்தன. நூறு நாள் வேலை போய்விடும் என்று அங்கே பெண்கள் கவலைப்பட்டது ஊரறிந்தது. கிராம சபையும் போய்விடும் என்பதை யாரும் பேசிக் கேட்கவில்லை. நகரங்களுக்குக் கிராம சபை போலவே 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை வந்திருக்கிறது. அங்கே புத்தகத்தை வாசிக்கிறார்களா என்று அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.

வால்வு 2024 டிசம்பரில் வந்தது. இரும்புப் பெட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். சாயங்காலம் நாலரைக்குத் தண்ணீர் வருகிறது. குடம் நாலு நிமிடத்தில் நிறைகிறது. மோட்டார் வைத்து உறிஞ்சுவது மட்டும் இன்னும் தீரவில்லை. குழாயைத் தரைக்கு மேலே ஏற்றும் வேலையும் பாக்கி இருக்கிறது.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் அல்ல, 28 மாவட்டங்களுக்கும் அன்றோடு முடிந்து, தலைவர்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் என்ற அரசு அதிகாரிகள் பொறுப்புக்கு வந்தார்கள். முதல் கூட்டத்தில் புத்தகம் மறுபடி முன்கூட்டியே சுற்ற ஆரம்பித்தது. வந்தவருக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. அயித்தைக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. நடுத்தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண், அதுவரை ஒரு கூட்டத்திலும் பேசாதவள், பேனாவை வாங்காமல், "எங்க ஊர்ல வாசிச்சிட்டுத்தான் சார் கையெழுத்து" என்றாள். வாசித்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தி கேட்டால்தான் நடக்கும் என்ற நிலையில் இதை விட்டுவைக்க எனக்கு மனமில்லை. அதையே ஒரு தீர்மானமாகப் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று வாசகம் எழுதி வைத்திருக்கிறேன். "இவ்வூராட்சியில் நடைபெறும் ஒவ்வொரு கிராம சபையிலும், ஒவ்வொரு தீர்மானமும் எழுதி முடிக்கப்பட்டு, கூட்டத்தினர் முன் உரக்க வாசித்துக் காட்டப்பட்ட பின்னரே உறுப்பினர்களின் கையெழுத்து பெறப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது." போன ஞாயிற்றுக்கிழமை இதை அயித்தையிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "கையெழுத்துன்னு மட்டும் போட்டுருக்க. கைநாட்டையும் சேத்து எழுது" என்றார். சேர்த்திருக்கிறேன்.